அடுத்தவர் மூச்சு: பசுமைக் கட்டடங்களில் காற்று வெளியேற்றமும் அறமும்

ஒரு கட்டடத்தின் பொது அறைகளிலிருந்து நொடிக்கு எத்தனை லிட்டர் காற்றை வெளியே தள்ள வேண்டும் என்பது பொறியாளர் போடும் கணக்கு. அந்தக் கணக்குக்கு அடியில் ஓர் அறக் கேள்வி கிடக்கிறது: ஒருவர் பயன்படுத்திக் கெடுத்த காற்றை இன்னொருவர் எந்த அளவு வரை சுவாசிக்க வேண்டியிருக்கலாம்? வீட்டுச் சமையலறையில் இது பெரிய கேள்வியாக எழுவதில்லை. அங்கே தாளிப்பவரும் தும்முபவரும் ஒரே குடும்பத்தார். அலுவலகக் கழிப்பறை, ஜெராக்ஸ் அறை, தேநீர் மூலை, துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அறை, அடித்தளக் கார் நிறுத்துமிடம் ஆகியவற்றில் நிலை வேறு. கெடுப்பவர் ஒருவர், சுவாசிப்பவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் அறியார். பல நேரம் அடுத்தடுத்து வந்து போகிறவர்கள், முகம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பசுமைக் கட்டடத்தில் மூன்றாவதாக ஒருவரும் சேர்கிறார்: மின்சாரம் மிச்சப்படுவதால் பயன்பெறப்போகும், இன்னும் பிறக்காத மனிதர். இந்த மூவருக்கும் இடையே நியாயம் செய்வதுதான் கணக்கின் உண்மையான வேலை.

இக்கேள்வி மின்விசிறிக்கு மிக முந்தியது. ரோமானியச் சட்டத்தொகுப்பான டைஜெஸ்ட், கி.பி. 533-இல் வெளியானது. மின்டுர்னே என்ற ஊரின் பாலாடைக்கட்டிக் கடை ஒன்றைப் பற்றிய வழக்கு அதில் இடம்பெற்றிருக்கிறது. கடையின் புகை மேலே இருந்த கட்டடங்களுக்குள் போனது. அப்படிப் புகை விடும் உரிமையை மேல்கட்டடத்தார் முறையாக வழங்கியிருந்தாலன்றி விட முடியாது என்பது சட்ட அறிஞர் அரிஸ்டோவின் முடிவு. தன் இடத்தில் எதுவும் செய்யலாம், அது பிறர் இடத்துக்குள் போகாத வரை என்பது அவர் காட்டிய காரணம். அதே தொகுப்பில், சாதாரண வீட்டு அடுப்பின் லேசான புகைக்கு வழக்குத் தொடர முடியாது என்ற கருத்தும் பதிவாகியிருக்கிறது. கூடி வாழும் இடத்தில் முழுத் தூய்மையைக் கோர முடியாது, ஆனால் பொறுக்க வேண்டிய புகைக்கு ஓர் எல்லை உண்டு என்ற எண்ணம் அங்கேயே தொடங்கிவிட்டது.

யூத மரபு இன்னும் ஓர் அடி முன்னே போயிற்று. பாபிலோனியத் தல்மூதின் பாவா பத்ரா என்னும் பகுதி, முற்றத்தைப் பகிர்ந்து வாழும் அண்டை வீட்டாரின் கடமைகளை நுணுக்கமாகப் பேசுகிறது. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, அதுவும் கிழக்குப் பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. பல ஆண்டுகள் ஆட்சேபமின்றி நடந்துவந்த வழக்கம் பல விஷயங்களில் உரிமையாகிவிடும். புகைக்கும் கழிப்பிட நாற்றத்துக்கும் அப்படி ஆகாது என்ற விவாதமும் அங்கே வருகிறது. அண்டை வீட்டார் இத்தனை நாள் பொறுத்தார் என்பதால் அவர் இணங்கினார் என்று பொருளில்லை. 14-ஆம் நூற்றாண்டுத் தூனிஸில் கட்டட வழக்குகளில் வல்லுநராக இருந்த இப்னு அல்-ராமி தொகுத்த நூலும் குளியலகம், ரொட்டி அடுப்பு ஆகியவற்றின் புகையை அண்டையாருக்குச் செய்யும் தீங்காகவே எடுத்துப் பேசுகிறது. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்ற நபிமொழி அந்த மரபின் அடிப்படை. மூன்று மரபுகளும் அசுத்தக் காற்றை வெறும் அசௌகரியமாகப் பார்க்கவில்லை. எல்லை மீறலாகப் பார்த்தன.

இன்றைய கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் ஆஷ்ரே சங்கம் வெளியிடும் 62.1 என்னும் தரநிலையே லீட் உள்ளிட்ட பசுமைச் சான்றிதழ்களுக்கு அடிப்படை. அது காற்றை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. அலுவலகம், வகுப்பறை போன்றவற்றின் காற்று முதல் வகுப்பு. எங்கும் மறுபடி போகலாம். கழிப்பறை, தேநீர் மூலை, நகலெடுக்கும் அறை இரண்டாம் வகுப்பு. குப்பை அறையும் துப்புரவுப் பொருள் அறையும் மூன்றாம் வகுப்பு. ஆய்வக வாயுக்கூண்டு, எண்ணெய்ப் புகை இழுக்கும் உணவக அடுப்புக் கூண்டு போன்றவை நான்காம் வகுப்பு. அவற்றின் காற்று எந்த அறைக்கும் திரும்பக் கூடாது. தூய அறையின் காற்று அசுத்த அறைக்குப் போகலாம், அங்கிருந்து திரும்பி வரக் கூடாது. அறைகளுக்கு மட்டுமே பொருந்த வேண்டிய இந்த வரிசையை மனிதர்கள் மனிதர்கள்மேல் சுமத்தியதுண்டு என்பதால், ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இங்கே தரம் பிரிக்கப்படுவது அறையில் நடக்கும் வேலைதான். அந்த அறையில் நிற்பவருக்கு, அவர் யாரானாலும், மற்றவருக்கு உள்ள அதே மூச்சுரிமை உண்டு.

வெளியேற்ற அளவுகள் அறையின் வகைக்கேற்ப அட்டவணையில் தரப்பட்டிருக்கின்றன. பொதுக் கழிப்பறையில் ஒவ்வொரு கழிப்பிருக்கைக்கும் சிறுநீர்க் கோப்பைக்கும் நொடிக்கு 25 லிட்டர். திரையரங்கு, பள்ளி போல ஒரே நேரத்தில் கூட்டம் சேரும் இடமானால் 35 லிட்டர். நகலெடுக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 லிட்டர், தேநீர் மூலைக்கு 1.5, துப்புரவுப் பொருள் அறைக்கும் குப்பை அறைக்கும் 5, மூடிய கார் நிறுத்துமிடத்துக்கு 3.7.

சிக்கல் தொடங்குவது ஒரே அறை இரண்டு வேலைக்குப் பயன்படும்போது. 20 சதுர மீட்டர் அறையில் ஒரு பக்கம் பிரிண்டரும் மறுபக்கம் தேநீர் மேடையும் இருக்கின்றன என்று கொண்டால், தேநீர் மூலைக் கணக்கில் நொடிக்கு 30 லிட்டர் போதும். பிரிண்டர் கணக்கில் 50 வேண்டும். சராசரி எடுத்தால் 40. இந்த 40 யாருக்கும் பொருந்தாத எண். தேநீர் போடும்போது அது தேவைக்கு மேல். நூற்றுக்கணக்கில் தாள் அச்சாகும்போது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அறையில் நிற்பவர் ஒருபோதும் சராசரி நேரத்தில் நிற்பதில்லை, ஏதோ ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான் நிற்கிறார். ஆகவே பல பயன்பாட்டு அறைக்கு உயர்ந்த அளவையே கொள்வதும், அதன் காற்றை இருப்பவற்றில் தாழ்ந்த வகுப்பில் வைப்பதும் நேர்மையான வழி. இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் நடக்கும் என்றால் இரண்டு அளவுகளையும் கூட்டிக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. பயன்பாட்டைக் குறைத்துக் காட்டி, வரைபடத்தில் ‘தேநீர் மூலை’ என்று மட்டும் எழுதி 30 லிட்டரில் முடிப்பது கணக்குப் பிழை அன்று; மறைப்பு.

இனி ஒரு முழுத் தளம். 500 சதுர மீட்டர், 50 பேர் வேலை செய்யும் அலுவலகம். 62.1-இன்படி வெளிக்காற்று ஆளுக்கு நொடிக்கு 2.5 லிட்டரும் சதுர மீட்டருக்கு 0.3 லிட்டரும் உள்ளே வர வேண்டும்: 125 கூட்டல் 150, மொத்தம் 275 லிட்டர். வெளியேற்றம்: நான்கு கழிப்பிருக்கை, இரண்டு சிறுநீர்க் கோப்பைக்கு 150, மேலே சொன்ன இரட்டைப் பயன்பாட்டு அறைக்கு 50, 4 சதுர மீட்டர் துப்புரவு அறைக்கு 20. மொத்தம் 220. வருவது 275, போவது 220. மிஞ்சும் 55 லிட்டர் இடுக்குகள் வழியாக வெளியே கசியும். கட்டடம் லேசான மிகையழுத்தத்தில் நிற்கும். இது நல்லது, சென்னை போன்ற கடலோர நகரங்களில் மிக நல்லது, ஏனெனில் ஈரக் காற்று சுவர் இடுக்குகளில் நுழைந்து குளிர்ந்த பரப்பில் படிந்து பூஞ்சை பிடிப்பதை அது தடுக்கிறது. இப்போது கழிப்பறைகளுக்கு 35 லிட்டர் என்ற தாராள அளவை எடுத்தால் அவற்றின் பங்கு 210 ஆகும், மொத்த வெளியேற்றம் 280. வருவதைவிடப் போவது 5 லிட்டர் கூடிவிட்டது. தாராளம் காட்டிய அந்த நொடியில் கட்டடம் எங்கிருந்தாவது காற்றை இழுக்கத் தொடங்குகிறது: ஜன்னல் இடுக்கிலிருந்து, லிஃப்ட் குழியிலிருந்து, கீழே உள்ள கார் நிறுத்துமிடத்திலிருந்து.

வெளியேற்று விசிறியைப் பற்றிப் பொதுவாக மறக்கப்படும் உண்மை இதுதான். அது காற்றை அனுப்புகிற கருவி மட்டுமல்ல, அழைக்கிற கருவியும்கூட. ஓர் அறையிலிருந்து எவ்வளவு போகிறதோ அவ்வளவு வேறெங்கிருந்தோ வந்தே தீரும். எங்கிருந்து வருகிறது என்று கேட்காத கணக்கு பாதிக் கணக்கு. கேட்காததன் விலையை ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககம் 2003-இல் கொடுத்தது. அவ்வாண்டு மார்ச் மாதம், சார்ஸ் நோயுற்ற ஒருவர் அங்கே தங்கிச் சென்றார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. சில வாரங்களில் குடியிருப்போரில் 300-க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது, 42 பேர் இறந்தனர். சுகாதாரத் துறையின் ஆய்வு கண்ட வழி வருமாறு. குளியலறைத் தரையின் நீர்வடிகாலுக்கு அடியில் உள்ள யு வடிவ வளைவில் நீர் நின்றால்தான் சாக்கடைக் குழாயின் காற்று மேலே வராது. தரையை நீர் விட்டுக் கழுவாமல் துடைத்தே வந்ததால் பல வீடுகளில் அந்த வளைவு வறண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியேற்று விசிறியைப் போட்டபோது, விசிறி பொதுச் சாக்கடைக் குழாயிலிருந்து நோய்க்கிருமி கலந்த துளிகளைக் குளியலறைக்குள் இழுத்தது. பிறகு அவற்றைக் கட்டடத்தின் குறுகிய காற்றுக் குழிக்குள் தள்ளியது. அங்கிருந்து அவை மேலேறி மற்ற வீடுகளின் ஜன்னல்களை அடைந்தன. விசிறிகள் பழுதாகவில்லை, செய்ய வேண்டியதைத்தான் செய்தன. தன் அறையைச் சுத்தமாக்க நினைத்தவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ரோமானியக் கடைக்காரரின் வழக்கிலிருந்து இந்த நிகழ்வு வேறுபடும் இடம் இது: இங்கே எல்லை மீறியவர் என்று சுட்டத் தனி ஒருவர் இல்லை. குழாயும் குழியும் பொது, பொறுப்பும் பொது. தனிமனித நல்லெண்ணம் போதாத இடத்தில் கடமை வடிவமைப்பவர் தோளில் ஏறுகிறது.

இதனால்தான் பசுமைச் சான்றிதழ்கள் அளவோடு நிற்பதில்லை. லீட் முறையில், ரசாயனம் புழங்கும் நகலெடுக்கும் அறை, துப்புரவு அறை, கார் நிறுத்துமிடம் ஆகியவை அடுத்த அறையைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும். கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும். சுவர் பொய்க்கூரையோடு நிற்காமல் மேல்தளக் கான்கிரீட் வரை எழ வேண்டும். அதன் 2009 பதிப்பு அழுத்த வேறுபாட்டைச் சராசரி 5 பாஸ்கல், குறைந்தது 1 பாஸ்கல் என்று வரையறுத்தது. 5 பாஸ்கல் என்பது அரை மில்லிமீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தம். அவ்வளவு மெல்லிய ஒன்றுதான் ஒருவருடைய வேலையின் நெடியை இன்னொருவர் மேசையிலிருந்து பிரித்து நிறுத்துகிறது.

அடுத்து ஆற்றல். பசுமைக் கட்டடம் என்ற சொல்லே ஆற்றல் சிக்கனத்தை நினைவூட்டுவதால், வெளிக்காற்றைக் குறைக்கும் சபலம் இங்கே வலுவாக இருக்கிறது. வரலாறு அதற்குச் சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பொறியாளர்கள் ஆளுக்கு நொடிக்குச் சுமார் 14 லிட்டர் கேட்டார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1981-இன் ஆஷ்ரே தரநிலை, புகைபிடிக்காத அலுவலகத்தில் ஆளுக்கு 2.5 லிட்டர் போதும் என்று இறக்கியது. அதே காலத்தில் இறுக்கி மூடப்பட்ட கட்டடங்களில் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்ற புகார்கள் குவிந்தன. ‘நோயுற்ற கட்டடம்’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 1989-இல் அளவு நான்கு மடங்காக உயர்த்தப்பட்டது. அந்த எட்டு ஆண்டுகளில் மிச்சமான எரிபொருளின் ஒரு பகுதி, அதைப் பற்றி எதுவும் கேட்கப்படாத ஊழியர்களின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. வருங்காலத் தலைமுறையின் பெயரால் இன்றைய ஊழியரின் மூச்சைக் குறைப்பது நியாயமா என்ற கேள்விக்கு, ஆகாது என்பதே விடை. காரணம் உணர்ச்சியல்ல, அந்தத் தியாகத்துக்குத் தேவையே இல்லை.

எண்ணிப் பார்க்கலாம். வெளியே 35 பாகை, ஈரப்பதம் 50 விழுக்காடு. உள்ளே 24 பாகை, அதே 50 விழுக்காடு. 275 லிட்டர் காற்றை அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 11 கிலோவாட் குளிர்விப்பு வேண்டும். 50 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 220 வாட். நல்ல குளிர்விப்பு இயந்திரம் இதில் நாலில் ஒரு பங்கு மின்சாரத்தில் வேலையை முடிக்கும்: ஆளுக்குச் சுமார் 55 வாட். பழைய கூரை விசிறி ஒன்று எடுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவு. காற்றைத் தள்ளும் விசிறியின் செலவு தனி. அதைச் சேர்த்தாலும், ஒரு மனிதருக்கு நல்ல காற்று கொடுக்க ஆகும் விலை இவ்வளவுதான். சூரிய வெப்பத்தை அள்ளி உள்ளே விடும் கண்ணாடிச் சுவரை வைத்துக்கொண்டு காற்றில் மிச்சம் பிடிப்பதைப் பசுமை என்று அழைக்க முடியாது.

சிக்கனத்துக்கு நேர்மையான வழிகள் இருக்கின்றன. முதலாவதை மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சொல்லிவிட்டார்: நாற்றத்துக்குக் காரணமான குவியலை அகற்றாமல் காற்றோட்டத்தால் அதை விரட்டப் பார்ப்பது வீண். அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 1858-இல் எல்லை வகுத்தவரும் அவரே. நெடி குறைந்த துப்புரவுத் திரவங்களை வாங்கினால் வெளியேற்ற வேண்டிய மாசே குறையும். கார் நிறுத்துமிடத்தில் கார்பன் மோனாக்சைடு உணரியைக் கொண்டு விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டு உள்ளே வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் சுழல் சக்கரமும் உண்டு. அதில் சிறிதளவு அசுத்தக் காற்று தூய காற்றோடு கலந்துவிடும், 62.1 அந்தக் கலப்பை இரண்டாம் வகுப்புக் காற்றுக்கு 10 விழுக்காடு வரையும் மூன்றாம் வகுப்புக்கு 5 விழுக்காடு வரையும் அனுமதிக்கிறது. உள்ளே வரும் காற்றில் பத்தில் ஒரு பங்கு வரை கழிப்பறைக் காற்றாக இருக்கலாம் என்பதை எந்த ஆய்வுக் கருவியும் தானாகச் சொல்லிவிடாது. அது மனிதர்கள் கூடிப் பேசி எடுத்த அற முடிவு, அட்டவணைக்குள் எண்ணாக அமர்ந்திருக்கிறது.

அதைவிடக் கனமான எண் ஒன்று தரநிலையின் வரையறையிலேயே உள்ளது. தீங்கு விளைவிக்கும் அளவில் அறியப்பட்ட மாசு இல்லாமலும், அங்குள்ளோரில் 80 விழுக்காட்டினர் அல்லது அதற்கு மேற்பட்டோர் அதிருப்தி தெரிவிக்காமலும் இருந்தால் அந்தக் காற்று ஏற்கத்தக்கது. மீதி 20 விழுக்காட்டினர் யார்? மொத்த இன்பத்தை எண்ணும் பெந்தாமின் வழியில் போனால் இக்கேள்விக்கு அவசரமில்லை. ஐவரில் நால்வர் நிறைவாக இருக்கிறார்கள். 1971-இல் வெளியான ‘நீதிக் கோட்பாடு’ நூலில் ஜான் ரால்ஸ் வேறு வழியைக் காட்டினார்: சமூகத்தில் தனக்கு எந்த இடம் கிடைக்கும் என்று அறியாத ஒருவர் எந்த விதிகளைத் தேர்ந்தெடுப்பாரோ அவையே நியாயமானவை. அறையை வடிவமைப்பவர் அங்கே மேலாளராக வருவாரா, ஆஸ்துமா உள்ள பயிற்சி ஊழியராக வருவாரா, நாளெல்லாம் ஆறு கழிப்பறைகளைக் கழுவுபவராக வருவாரா என்று தெரியாமல் கணக்குப் போட்டால், அவர் கை உயர்ந்த அளவையே எழுதும். அந்த 20 விழுக்காடு தற்செயலாக அமைவதில்லை. மூச்சுக் கோளாறு உள்ளவர், கருவுற்றவர், அசுத்த அறையில் அதிக நேரம் நிற்க வேண்டியவர் என்று ஒரே வகை மனிதர்கள்மேல் அது திரும்பத் திரும்ப விழுகிறது.

மதிப்பிடுவது யாருடைய மூக்கு என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. 1936-இல் ஹார்வர்டில் யாக்லூவும் உடன் பணியாற்றியோரும் செய்த புகழ்பெற்ற சோதனைகளில், வெளியிலிருந்து அறைக்குள் வந்தவர்கள் முகர்ந்து மதிப்பிட்டார்கள். வசதி குறைந்தவர்கள் இருந்த அறைகளுக்குக் கூடுதல் காற்று தேவைப்படுவதாக முடிவுகளைப் பிரித்தும் எழுதினார்கள். 2004-க்குப் பிந்தைய தரநிலையின் அளவுகளோ அறைக்குள் ஏற்கெனவே இருந்து பழகிவிட்டவரின் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டவை. சில நிமிடங்களில் மூக்கு நெடிக்குப் பழகிவிடும் என்பதால் பழகியவருக்குக் குறைந்த காற்றே போதும். நெடி தெரியாமல் போவது மாசு போய்விட்டதற்கு அடையாளமல்ல. பொறுத்துப் பழகியது இணக்கமாகாது என்று தல்மூத் அறிஞர்கள் கழிப்பிட நாற்றத்தைப் பற்றி வாதிட்டது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும். அந்த அளவில் 62.1-இன் எண்களைக் கீழ்வரம்பாகக் கொள்ளலாமே தவிர, இலக்காகக் கொள்ளக் கூடாது.

வெளியேறிய காற்றின் கதை குழாய் வாயோடு முடிவதில்லை. இரண்டாம் வகுப்புக் காற்று வெளியேறும் வாய் கட்டடத்தின் காற்று நுழைவாயிலிருந்து 3 மீட்டரும், மூன்றாம் வகுப்பு 5 மீட்டரும், நான்காம் வகுப்பு 10 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். அண்டைக் கட்டடத்தின் ஜன்னலும் ஒரு நுழைவாயில்தான். குறுகிய தெருவில், பக்கத்து வீட்டுப் பால்கனியை நோக்கி உணவகப் புகைக்குழாயைத் திருப்பி வைத்துவிட்டுச் சான்றிதழில் முழு மதிப்பெண் பெறும் கட்டடம், மின்டுர்னே கடைக்காரர் தோற்ற இடத்திலேயே தோற்கிறது.

எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் விசிறி ஓடாவிட்டால் பயனில்லை. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில், அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குக் கோவிட் பரவியது. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது: ஏசி உள்ளே இருந்த காற்றையே சுற்றிச் சுற்றி விட்டது, சுவரின் வெளியேற்று விசிறிகள் நிறுத்தப்பட்டிருந்தன, ஆளுக்குக் கிடைத்த வெளிக்காற்று நொடிக்கு ஒரு லிட்டர்கூட இல்லை. வரைபடத்தில் எழுதிய எண் ஒரு வாக்குறுதி. அதைக் காப்பது, கட்டடம் திறந்த பிறகு வரும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கருவியை எடுத்துச் சென்று ஒவ்வொரு வெளியேற்று வாயிலும் அளந்து பார்ப்பதில் இருக்கிறது. துப்புரவு அறையின் 20 லிட்டரை முதலில் அளக்க வேண்டும். மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் மேலாளர் அங்கே நிற்பதில்லை, நிற்பவருக்குக் குரல் குறைவு. அளந்த எண்ணை அந்தந்த அறைக் கதவில் தேதியோடு எழுதி ஒட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை. பசுமைச் சான்றிதழை வாசலில் மாட்டியிருக்கும் எந்தக் கட்டடத்திடமும் அங்கே வேலை செய்வோரும் குடியிருப்போரும் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.